மறுத்தவர்கள் பிறகு ஏன் போட்டுக்கொண்டார்கள்?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கும் உங்கள் தாயார், பெற்ற பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஒரு தடுப்பூசியைக்கூடத் தவறவிடாதவர். ஆனால் 2021இல் கொரோனா தடுப்பூசி என்றதும் மாதக்கணக்கில் மறுத்திருக்கிறார். நீங்கள் சென்னையிலிருந்து தொலைபேசியில் எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை. பிறகு ஒருநாள், யாரும் வற்புறுத்தாமலே, தெருப் பெண்களோடு சேர்ந்து போய்ப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். இது அறியாமையா, வதந்தியின் வேலையா என்று கேட்கிறீர்கள். 2024இல் வந்த செய்திகளைப் பார்த்துவிட்டு, ஏன்தான் போட்டுக்கொண்டோமோ என்று அவர் இப்போது அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது: படித்த மகன் சான்றுகளோடு சொன்னபோது அசையாதவர், பக்கத்து வீட்டுப் பெண் கூப்பிட்டதும் எழுந்து போனது எப்படி? அதைத் தொட்டே என் பதில் அமையும்.

திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பல ஆண்டுகள் மருத்துவ அலுவலராகப் பணியாற்றியவன் நான். கொரோனா தடுப்பூசிப் பணியில் தொடக்கம் முதல் இருந்தேன். நான் கண்டதும் கேட்டதும் கணக்கெடுத்து நடத்திய ஆய்வு ஆகா. என்னிடம் வந்து பேசியவர்களின் காரணங்களே எனக்குத் தெரியும். வராமலே இருந்தவர்களின் காரணங்கள் வேறாக இருந்திருக்கலாம். இந்த வரம்பை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

தடுப்பூசித் தயக்கத்தை ஆராய்ந்தவர்கள் அதற்கு மூன்று வேர்கள் உண்டு என்பார்கள். ஊசியின் மீதும் அதைக் கொடுப்பவர் மீதும் நம்பிக்கை இல்லாமை முதலாவது. நோய் நம்மை என்ன செய்துவிடும் என்ற மெத்தனம் இரண்டாவது. போட்டுக்கொள்ளும் இடமும் நேரமும் வாய்ப்பாக அமையாமை மூன்றாவது. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு வகுத்த இந்தப் பகுப்பு சரியானதுதான். கொரோனா வருவதற்கு முன்பே, 2019இல், உலக உடல்நலத்தை அச்சுறுத்தும் பத்துக் காரணங்களில் ஒன்றாக அந்த நிறுவனம் இந்தத் தயக்கத்தைச் சேர்த்தது. ஆனால் காவிரி டெல்டா மாவட்டங்களில் நான் கண்ட மறுப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு அடியில், இந்த மூன்றிலும் முழுதாக அடங்காத ஒரு கேள்வி இருந்தது. ஊசி போட்ட பிறகு எனக்கு ஏதாவது ஆனால் யார் வந்து பார்ப்பார்கள் என்பதே அந்தக் கேள்வி.

அறியாமை என்ற விளக்கத்தை நான் ஏற்பதில்லை. நம் மாநிலத்தில் பொதுச் சுகாதாரத்துக்கெனத் தனிச் சட்டம் 1939லேயே வந்தது. அதற்கெனத் தனித்துறை பல தலைமுறைகளாக இயங்குகிறது. கிராம சுகாதார செவிலியர் கர்ப்பிணியின் வீட்டுக்குப் போகிறார், பிரசவத்துக்கு அனுப்புகிறார், பிறந்த குழந்தைக்கு ஊசி போடுகிறார், அன்று இரவு காய்ச்சல் வரும் என்று முன்கூட்டியே சொல்கிறார், மறுநாள் அதே தெருவில் நடந்து போகிறார். உங்கள் தாயார் நம்பியது அந்த மருந்தின் வேதியியலை அன்று. மறுநாளும் தெருவில் கண்ணில் படும் அந்த நர்ஸம்மாவை. 2021இல் வந்த ஊசியோ வேறு விதமானது. தெட்டனஸ் ஊசியையும் நாய்க்கடி ஊசியையும் தவிர, நல்ல உடம்போடு இருக்கும் அறுபது வயதுக்காரரைக் கூப்பிட்டு ஊசி போடுவது நம் கிராமங்களில் அதற்கு முன் இருந்த வழக்கம் இல்லை. குழந்தைக்குப் போடும்போது முடிவெடுப்பவர் ஒருவர், வலி தாங்குபவர் வேறொருவர். இங்கே இரண்டும் தாமே. எனவே குழந்தை ஊசிக்கு அளித்த நம்பிக்கையை மூத்தவர்கள் அப்படியே இதற்கு மாற்றித் தருவார்கள் என்று எதிர்பார்த்ததே பிழையான கணக்கு.

மறுப்பு புதிதும் அன்று. சென்னை மாகாணத்தில் அம்மை குத்துதல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. அக்காலத்தில் ஒரு குழந்தையின் கையில் எழும்பிய கொப்புளத்திலிருந்து நீரெடுத்து அடுத்த குழந்தையின் கையில் குத்துவார்கள். யாருடைய குழந்தையிலிருந்து யாருடைய குழந்தைக்கு என்ற கேள்வி அந்தச் சமூகத்தில் எவ்வளவு பெரிய தடையாக இருந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அம்மையைத் தாயின் வரவாகக் கண்டு வேப்பிலை கட்டி, புன்னைநல்லூருக்கும் சமயபுரத்துக்கும் வேண்டிக்கொண்ட வழக்கமும் இருந்தது. ஆனாலும் இந்தியாவில் பெரியம்மை 1975இல் நின்றது. கோயிலுக்குப் போவதை விடாமலே குத்திக்கொள்ளவும் செய்தார்கள் நம் மக்கள். அண்மைக் காலத்துக்கு வந்தால், 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போடப்பட்ட நான்கு குழந்தைகள் இறந்தன; அதன் பிறகு சில காலம் கிராமங்களில் ஊசி போடுவது நின்று, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தால்தான் ஊசி என்ற நிலை இருந்தது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி பள்ளிகளில் போடப்பட்டபோது வாட்ஸ்அப்பில் பரவிய செய்திகளால் பெற்றோர் பலர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. முகாமின் காலத்தை நீட்டிக்க வேண்டியதாயிற்று. மக்களின் அச்சத்தில் வதந்தியும் உண்டு, உண்மையில் நடந்தவற்றின் நினைவும் உண்டு. இரண்டையும் ஒரே கூடையில் போட்டு ‘வதந்தி’ என்று சொன்னால், நினைவை வைத்துப் பேசுபவர் அத்துடன் நம்மிடம் பேசுவதை நிறுத்திவிடுவார்.

இனி 2021ஐப் பாருங்கள். ஜனவரி 16ஆம் நாள் சுகாதாரப் பணியாளர்களுக்குத் தொடங்கி, மார்ச் 1 முதல் அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு ஊசி போடப்பட்டது. அந்த மாதங்களில் நோய் தணிந்திருந்தது. சம்பா, தாளடி அறுவடையும் கொள்முதல் நிலையத்தில் நெல்லோடு காத்துக்கிடப்பதுமாக ஊர் இருந்தது. தேர்தல் கூட்டங்கள் வேறு. நோய் போய்விட்டது என்று எல்லோருடைய நடத்தையும் சொல்லிக்கொண்டிருந்தபோது ஊசி மட்டும் வா என்றது. கோவாக்சினுக்கு மூன்றாம் கட்டச் சோதனையின் பலன் வெளிவரும் முன்பே, ஜனவரி 3இல் அவசர அனுமதி தரப்பட்டதும் ஐயத்தை வளர்த்தது. அந்த ஐயத்தை எழுப்பியவர்களில் மருத்துவர்களும் இருந்தார்கள் என்பதை மறைக்கக் கூடாது. ஏப்ரல் 15இல் நடிகர் விவேக் சென்னை அரசு மருத்துவமனையில் பலர் பார்க்கப் போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17ஆம் நாள் மரணம். அந்த மரணத்துக்கு ஊசி காரணம் இல்லை என்று மத்திய அரசின் ஆய்வுக் குழு தெரிவித்தது. ஆனால் அது வெளிவந்தது ஆறு மாதம் கழித்து அக்டோபரில்தான். அந்த ஆறு மாதமும் கிராமத்தில் கேள்விக்குப் பதில் இல்லை. நாளொன்றுக்கு லட்சக்கணக்கானவர்களுக்கு ஊசி போட்டால், ஊசி இல்லாவிட்டாலும் மறுநாள் மாரடைப்பு வரவிருந்த சிலர் அவர்களில் நிச்சயம் இருப்பார்கள். இதை விளக்குவது கடினம் இல்லை. ஆனால் முதல் நாளே, ஊசி போடும் முன்பே, சொல்லியிருக்க வேண்டும். மரணம் நிகழ்ந்த பிறகு சொன்னால் அது சமாதானம் சொல்வதாகவே காதில் விழுகிறது.

அந்தக் காலத்தில் என்னிடம் சொல்லப்பட்ட காரணங்களில் ஆண்மைக்குறைவு, மலட்டுத்தன்மை, கபசுரக் குடிநீரே போதும் என்பவையெல்லாம் இருந்தன. பத்து நிமிடம் உட்கார்ந்து பேசினால் அவை விலகும். அடியில் இருப்பது வெளியே வரும். நடவு வேலைக்குப் போகும் பெண் ஒருவர் சொன்னார்: “ஊசிக்குப் பயமில்லைங்க சார். ரெண்டு நாளு படுத்துட்டா நடவு முடிஞ்சி போயிடும், அப்பறம் கூலிக்கு எங்க போறது?” 2021 ஜூன் 12இல் மேட்டூர் திறந்தது, குறுவை நாற்றங்காலும் நடவும் தொடங்கியிருந்தன. நடவு என்பது சில வாரங்களுக்குள் குழுவாகச் செய்து முடிக்கும் வேலை. ஒருவர் விழுந்தால் அவருடைய கூலி மட்டும் போகாது, அடுத்த வயலுக்குக் குழு போகும்போது அவர் இடத்தில் வேறொருவர் வந்துவிடுவார். ஊசிக்குப் பின் ஒரு நாள், இரண்டு நாள் காய்ச்சலும் உடல்வலியும் பலருக்கு வரும் என்பதை நாமே சொல்கிறோம். அப்படியானால் அவர் மறுத்ததில் என்ன அறியாமை இருக்கிறது? தனியாக வாழும் முதியவர்கள் சொன்னது இதற்கு அண்ணன்: “ராத்திரி காய்ச்சல் கண்டா யாரக் கூப்புடறது?” பிள்ளைகள் சென்னையிலும் திருப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்க, தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும் ஊர்கள் நம்முடையவை. உங்கள் தாயார் உங்களிடம் இதைச் சொல்லியிருக்க மாட்டார். மகன் வேலையை விட்டு ஓடிவந்துவிடுவானோ என்ற எண்ணத்தில், ஊசி வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருப்பார். இது என் ஊகம்தான். ஆனால் இதே காரணத்தைப் பல தாய்மாரிடம் கேட்டிருக்கிறேன்.

மே மாதத்தில் எல்லாம் தலைகீழாயிற்று. இரண்டாம் அலையில் ஒவ்வொரு தெருவிலும் தெரிந்த ஒருவர் இறந்தார். உயிர்க்காற்றுக்காக மருத்துவமனை வாசலில் காத்திருந்த கதைகள் ஊருக்கு ஊர் வந்தன. மறுத்தவர்களே விடியற்காலையில் டோக்கனுக்கு நின்றார்கள். அப்போது எங்களிடம் போதிய ஊசி இல்லை. ஸ்டாக் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களை மறுபடி வரவழைப்பது, முதலில் மறுத்தவர்களை வரவழைப்பதைவிடக் கடினமாக இருந்தது. மே 13இல் கோவிஷீல்டின் இரண்டு தவணைகளுக்கு இடைப்பட்ட காலம் 12 முதல் 16 வாரம் என்று நீட்டப்பட்டது. இடைவெளி கூடினால் எதிர்ப்பாற்றலும் கூடுகிறது என்பதற்குச் சான்று இருந்தது. ஆனாலும் தட்டுப்பாட்டின் நடுவே அறிவித்ததால், ஊசி இல்லாததால்தான் தள்ளிப்போடுகிறார்கள் என்று ஊர் புரிந்துகொண்டது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மாறியவர்கள் எப்படி மாறினார்கள் என்பதற்கு நம் வயல்களில் ஒரு முன்மாதிரி உண்டு. 1960களில் தஞ்சை மாவட்டத்தில் தீவிர வேளாண்மைத் திட்டம் நடந்தபோது ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏடிடி 27 நெல் பரவியது. துண்டறிக்கையைப் படித்து யாரும் மொத்த நிலத்திலும் புது விதை தெளித்துவிடுவதில்லை. தன்னைப் போன்ற ஒருவன், தன் மண்ணைப் போன்ற மண்ணில் போட்டு, ஒரு போகம் அறுத்ததைப் பார்த்த பிறகே போடுவான். உங்கள் தாயாரும் அந்தச் சில மாதங்கள் சும்மா இருக்கவில்லை; பார்த்துக்கொண்டிருந்தார். சர்க்கரை உள்ள எதிர்வீட்டுக்காரர் போட்டுக்கொண்டு நன்றாக இருந்தார், வயதான உறவுக்காரர் ஒருநாள் காய்ச்சலோடு எழுந்துவிட்டார் என்று கண்ணால் கண்டதே அவருக்குச் சான்று. நீங்கள் அனுப்பிய செய்திகளில் அவருக்குத் தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. தெருப் பெண்கள் சேர்ந்து போனதில் இன்னொன்றும் இருக்கிறது: ஆளுக்கு ஆள் பார்த்துக்கொள்ளலாம், ஒருத்தி படுத்தால் இன்னொருத்தி கஞ்சி வைத்துக் கொடுப்பாள். யார் வந்து பார்ப்பார்கள் என்ற கேள்விக்கு அந்தப் பெண்களே விடையாக இருந்தார்கள்.

கடலோரத்தில் முடிவெடுக்கும் முறையே வேறு. நாகப்பட்டினம் பக்கத்து மீனவக் கிராமங்களில் ஊர்ப் பஞ்சாயத்தார் பேசி முடிவு செய்யாமல் முகாம் போட்டால் நாற்காலிகள்தான் இருக்கும். அவர்கள் முடிவு செய்து மைக்கில் சொல்லிவிட்டால் ஒரே நாளில் ஊரே வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் ஆகையால் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருந்தார்கள். ஊசிக்கு ஏற்ற அந்த இரண்டு மாதத்தில்தான் ஊசித் தட்டுப்பாடும் வந்தது. முத்துப்பேட்டை, கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் பக்கமோ வெளிநாட்டுப் பயணமே முதன்மைக் கேள்வி. கோவாக்சினை உலக சுகாதார நிறுவனம் 2021 நவம்பர் 3இல்தான் தன் அவசரப் பயன்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. அதுவரை அதைப் போட்டுக்கொண்டவரை வளைகுடா நாடுகள் ஏற்குமா என்பது உறுதியில்லை. எனவே கோவிஷீல்டு வந்தால் போடுகிறேன், இல்லையென்றால் வேண்டாம் என்று திரும்பிப் போனவர்கள் பலர். எங்கள் பதிவேட்டில் அவர்களும் ‘மறுத்தவர்கள்’ என்றே ஏறினார்கள். திருவாரூர் அருகே காட்டூர் ஊராட்சி, தகுதியுள்ள எல்லோரும் போட்டுக்கொண்ட முதல் ஊராட்சியாக மாநிலத்தில் அறிவிக்கப்பட்டது அதே ஆண்டு ஜூலையில். பக்கத்துப் பக்கத்து மாவட்டங்களுக்குள்ளேயே இத்தனை வேறுபாடு இருக்கும்போது, டெல்டா மக்கள் இப்படி என்று பொதுவாகச் சொல்லும் எவரையும் நான் நம்புவதில்லை.

நேரமும் நாளும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சான்று. செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை, மாநிலம் முழுதும் நடந்த முதல் மெகா முகாமில் 28 லட்சத்துக்கும் மேற்பட்டோர் போட்டுக்கொண்டார்கள். ஆனால் ஞாயிறு என்றால் கறி எடுக்கும் நாள். குடிப்பவர்களுக்கும் அதுவே நாள். கறி தின்றாலும் குடித்தாலும் ஊசி போடக் கூடாது என்ற எண்ணம் பரவலாக இருந்ததால் அக்டோபரில் முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றியதாகச் சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியன் அறிவித்தார். கறிக்கும் ஊசிக்கும் பகையில்லை என்று எத்தனை முறை சொன்னாலும் வராதவர்கள், கிழமையை மாற்றியதும் வந்தார்கள். இதில் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு: மக்களின் வழக்கத்தோடு வாதாடாமல் அரசு தன் நாளை மாற்றிக்கொண்டது.

உறுதியாகச் சொல்லக்கூடியதற்கு வருகிறேன். ஊசி உயிரைக் காத்தது. தமிழ்நாட்டுக் காவலர்கள் 1,17,524 பேரை வைத்து இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் 2021 பிப்ரவரி முதல் மே நடுப்பகுதி வரை பார்த்ததில், ஊசி போடாத 17,059 பேரில் 20 பேரும், ஒரு தவணை போட்ட 32,792 பேரில் 7 பேரும், இரண்டு தவணையும் போட்ட 67,673 பேரில் 4 பேரும் கொரோனாவால் இறந்தார்கள். காவலர்கள் ஊர் முதியவர்களைவிட இளையவர்கள், இறப்பு எண்ணிக்கையும் சிறியது. ஆகவே இந்த விகிதத்தை அப்படியே உங்கள் தாயாருக்குப் பொருத்த முடியாது. ஆனால் எந்தப் பக்கம் பாதுகாப்பு இருந்தது என்பதில் ஐயமில்லை.

ஐயத்துக்குரியது கட்டாயப்படுத்தியதன் பலன். ஊசி போடாவிட்டால் ரேஷன் கிடைக்காது, நூறு நாள் வேலை கிடைக்காது என்ற பேச்சு பல ஊர்களில் உலவியது. பொது இடங்களில் நுழையக் கட்டுப்பாடும் வந்தது. எண்ணிக்கை ஏறியது உண்மை. அந்த ஏற்றத்தில் எவ்வளவு கட்டாயத்தால், எவ்வளவு மே மாத அச்சத்தால் என்று பிரித்துக் காட்டுவது கடினம். யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022 மே 2இல் தீர்ப்பளித்தது. நான் கண்டவரை, மிரட்டலுக்குப் பயந்து போட்டுக்கொண்டவர்கள் ஊசியை மன்னித்தார்கள், மிரட்டியவரை மன்னிக்கவில்லை. மூன்றாம் தவணையை 2022 ஜூலை 15 முதல் 75 நாள் இலவசமாகத் தந்தபோது, முதல் இரண்டையும் வரிசையில் நின்று போட்டவர்கள்கூட வரவில்லை. அதற்கு மிரட்டலின் கசப்பு ஒரு காரணமா, அல்லது நோயின் அச்சம் போனது மட்டுமே காரணமா என்றால், இரண்டாவதே பெரிது என்பேன்.

கடைசியாக உங்கள் தாயாரின் இன்றைய அச்சம். கோவிஷீல்டு வகை ஊசியால் மிக அரிதாக இரத்தம் உறைந்து, தட்டணுக்களும் குறையும் ஒரு கோளாறு வரும் என்பது உண்மை. இதை ஐரோப்பிய மருந்து ஆணையம் 2021 ஏப்ரலிலேயே பக்கவிளைவாகச் சேர்த்துவிட்டது. அங்கே ஏறக்குறைய லட்சத்தில் ஒருவர் என்ற அளவில் கணக்கிட்டார்கள். 2024இல் பிரிட்டன் நீதிமன்றத்தில், அந்த ஊசியை உருவாக்கிய அஸ்ட்ராஜெனெகா நிறுவனம் இதை எழுத்தில் ஒப்புக்கொண்டதுதான் நீங்கள் பார்த்த செய்தி. அந்தக் கோளாறு வந்தால் ஊசி போட்ட நான்காம் நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் வரும். முதல் தவணைக்குப் பின்னரே அதிகம். 2021இல் போட்டுக்கொண்டு அந்த ஆறு வாரத்தைக் கடந்துவிட்ட ஒருவருக்கு, இத்தனை ஆண்டு கழித்து அந்த ஊசியால் அது வராது. இதைத் தொலைபேசியில் சொல்லாமல், ஊருக்குப் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். எதை நினைத்து அஞ்சுகிறார் என்பதை முதலில் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். மார்பு படபடக்கிறது, மூச்சு வாங்குகிறது என்று அவர் சொன்னால் ஊசியைப் பற்றிய பயம் என்று தள்ளிவிட வேண்டாம். அந்த வயதில் அதற்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இதய நோயும் காரணமாகலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், மாத்திரையும் தருகிறார்கள். உங்கள் ஊருக்கு எந்தக் கிழமை வருகிறார்கள் என்பதைக் கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டு, முதல் முறை நீங்களும் கூட இருங்கள். படபடப்போ மூச்சுத்திணறலோ தொடர்ந்தால் மன்னார்குடி அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போய் ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள்.